கோப்பை மேடையில், கேப்டன் வாசலில்

1

இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் நம் நாட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சூடாகப் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். ஆனால் ஒரு சனிக்கிழமை என் மகளே ஒரு கேள்வி கேட்டாள். அந்தச் சூட்டை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

நிலாவுக்குப் பதினாலு வயது. ஊர் கிளப்பில் பாஸ்கெட்பால் விளையாடுகிறாள். அன்றைக்கும் அவள் அணி வழக்கம்போலத் தோற்றது. அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு துண்டு கேக்கோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். இங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வீட்டிலிருந்து முறை வைத்து கேக் வரும். என் முறையில் மசால் வடை வரும். அதுதான் முதலில் தீரும்.

பக்கத்தில் சபீனா இருந்தாள். அவள் மகளும் அதே அணி. நல்லவள்தான், ஆனால் இந்தியா என்று சொன்னாலே அவள் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடும். "உங்க ஊரில் பெண் பிள்ளைகளை விளையாட விடுவார்களா?" என்று ஒருமுறை கேட்டாள். எனக்குச் சுரீரென்றது. "என் அக்கா மகள் கல்லூரி அணிக்கு கேப்டன். இந்த வருஷம் இதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை" என்று வெடித்தேன். அதிலிருந்து வாராவாரம் பவித்ராவின் அணியைப் பற்றி விசாரிப்பாள். நானும் ஏதோ நானே பந்து போட்டதுபோல அளந்துவிடுவேன்.

அன்றைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். 'பவி டீமுக்கு காலேஜ்ல பாராட்டு விழா' என்று கீழே எழுதியிருந்தாள். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, "இதோ பார்" என்று சபீனாவிடம் போனை நீட்டிவிட்டேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு மேடை, பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ், முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஆண்களின் வரிசை. நடுவில் கல்லூரித் தாளாளர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இதில் விளையாடுகிறவர்கள் யார்?" என்றாள் சபீனா.

நானும் தேடினேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்கே கண்ணில் படவில்லை. நிலாதான் எட்டிப் பார்த்துவிட்டு ஓரத்தில் விரல் வைத்தாள். மேடைப் படிக்கட்டின் இரண்டு பக்கமும், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் தாம்பாளம், ஒருத்தி கையில் பன்னீர்ச் செம்பு, ஒருத்தி கையில் சந்தனக் கிண்ணம். கிண்ணம் வைத்திருந்தவள் பவித்ரா.

"அம்மா, இது பவி அக்காதானே? ஏன் வெயிட்டர் வேலை செய்றாங்க? அவங்கதானே ஜெயிச்சாங்க?"

நிலா தமிழில்தான் கேட்டாள். சபீனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு, போனை மெதுவாக என் கையில் வைத்தாள். அந்த மெதுவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2

இந்த அணி எப்படி ஜெயித்தது என்று சொன்னால்தான் என் கோபம் புரியும்.

கல்லூரி, வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. அங்கே படிக்கும் பெண்களில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்கோ தோல் பதனிடும் ஷாப்புக்கோ போகிறவர். என் அக்காவே ஆம்பூரில் ஒரு கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். பவித்ரா அணியில் நாட்றம்பள்ளியிலிருந்து வருகிற விவசாயக் குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். வாணியம்பாடி நஸ்ரீன் இருக்கிறாள். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் பந்தோடு ஓடுகிற வீடியோவை இங்கே நிலாவின் பயிற்சியாளரிடம் காட்டினேன். இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

கல்லூரியில் கோர்ட் உண்டு. சிமென்ட் தரை, வலையில்லாத வளையம். ஆனால் அதன்மேல்தான் கல்லூரிப் பேருந்துகள் நிற்கும். காலையில் மாணவர்களை ஏற்றிவரப் போகும்போதும், சாயங்காலம் கொண்டுவிடப் போகும்போதும்தான் கோர்ட் காலியாகும். விளையாட வேண்டிய பெண்கள் வீட்டுக்குப் போவதும் அதே பேருந்துகளில்தான். பேருந்து கிளம்பினால் கோர்ட் கிடைக்கும், கோர்ட் கிடைத்தால் பேருந்து போய்விடும். இந்த ஏற்பாட்டை யோசித்துச் செய்த மகானைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பேருந்தை விட்டுவிட்டார்கள் இந்தப் பெண்கள். சாயங்காலம் எல்லாம் கிளம்பியதும் தரையில் சொட்டியிருக்கும் ஆயில்மேல் மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் வழுக்கி மண்டை உடையும். பிறகு இருட்டும் வரை ஆட்டம். அதன்பின் ரோட்டுக்கு வந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பி.டி. ஆசிரியை ஸ்டெல்லா மேடம் கடைசிப் பெண் பஸ் ஏறும்வரை கூடவே நிற்பார். நாட்றம்பள்ளிப் பெண்கள் வீடு சேரும்போது ஊர் சாப்பிட்டு முடித்திருக்கும்.

இப்படி விளையாடித்தான் மண்டலப் போட்டியில் கோப்பை வாங்கினார்கள். அந்தக் கோப்பைதான் படத்தில் தாளாளர் கையில் இருந்தது.

3

அன்றைக்கே பவித்ராவை அழைத்தேன்.

"இன்னாடி கோலம் இது? உன் டீமுக்குப் பாராட்டு விழா, நீ வாசல்ல சந்தனம் குடுத்துகினு நிக்கிற?"

"வேற யாரு சித்தி நிப்பாங்க? நாங்கதான ஹைட்டு. வரிசையா நின்னா நல்லா இருக்குமாம். எந்த ஃபங்ஷன்னாலும் எங்கள தான் கூப்டுவாங்க."

"மேடைக்கு ஏத்தவே இல்லையா?"

"பேரு படிச்சாங்க சித்தி. கீழ இருந்தே தலய மட்டும் ஆட்னோம். கைல தட்டு இருக்குதில்ல, கையும் தூக்க முடியல."

"போன வருஷம் பசங்க வாலிபால்ல ஜெயிச்சாங்களே, அவங்களும் தட்டு புடிச்சாங்களா?"

"அவங்கள மேல ஏத்தி சால்வ போட்டாங்க. அன்னிக்கும் நாங்கதான் கீழ பன்னீர் தெளிச்சிகினு இருந்தோம்" என்றாள்.

எனக்கு இது புதிது இல்லை என்பதுதான் கொடுமை. நானும் உயரம். வேலூரில் படித்த காலத்தில் எந்தப் பெரிய மனிதர் கல்லூரிக்கு வந்தாலும் பன்னீர்ச் செம்பு என் கையில்தான் இருக்கும். வருகிறவர் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. செம்பைக் கீழே வைக்கக் கூடாது, மங்கலப் பொருளாம். தோள்பட்டை இற்றுப்போகும். வந்தவர் என் முகத்தைப் பார்த்ததில்லை, சந்தனத்தை மட்டும் விரல் நுனியால் தொட்டுவிட்டு உள்ளே போவார். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, படத்தை வீட்டில் மாட்டினார்கள். நினைத்தால் இப்போது ஆத்திரம் வருகிறது. நான் படிப்பு முடித்து, கல்யாணமாகி, தோல் ரசாயனக் கம்பெனியில் வேலை கிடைத்த கணவரோடு கண்டம் தாண்டி வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெண்ணையும் வளர்த்துவிட்டேன். அந்தச் செம்பு மட்டும் அங்கேயே அடுத்த பெண் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

4

இந்த நாட்டில் வாழ்ந்ததில் எனக்கு வந்த ஒரு வியாதி, எது தப்பாக நடந்தாலும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன் போடுவது. இங்கே அது நடக்கும், மெதுவாக நடக்கும். நிலாவுக்கு விளையாட்டு வீரர் அட்டை வாங்கவே எங்களை அலைக்கழித்தார்கள். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், நிலா பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். "ஒரே குடும்பத்தில் எப்படி இரண்டு குடும்பப் பெயர்?" என்று அலுவலகத்து அம்மாள் கேட்டதற்குப் பதில் சொல்லிச் சொல்லி என் ஜெர்மன் தேறியதுதான் மிச்சம். ஆனாலும் அட்டை வந்தது.

அதே நம்பிக்கையில் கல்லூரிக்குப் போன் போட்டேன்.

"நீங்க பேரன்ட்டா மேடம்?"

"பவித்ராவுக்குச் சித்தி."

"சித்தின்னா பேரன்ட் இல்லயே மேடம். மெயில் போட்ருங்க."

மெயில் போட்டேன். ஆண்கள் அணி மேடையிலும் பெண்கள் அணி வாசலிலும் நிற்பது எந்த நியாயம் என்று கேட்டேன். 'தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி' என்று பதில் வந்தது. அதற்குக் கீழேயே அடுத்த ஆண்டு அட்மிஷன் விளம்பரத்தையும் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த நாள் அக்கா அழைத்தாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"உனக்கு இன்னாடி வந்துச்சு? நீ அங்க குளிருக்கு ஹீட்டர் போட்டுகினு மெயில் அனுப்புவ. பவிய ஆபீஸ் ரூமுக்குக் கூப்ட்டு வெச்சி, உங்க சித்தி ஃபாரின்ல இருந்து எங்களுக்குப் பாடம் எடுக்கறாங்களான்னு கேட்டாங்களாம். பொண்ணு இங்கதான படிக்கணும்? டிகிரி வாங்கற வரைக்கும் கம்முனு இரு, தாயே."

அக்கா சொன்னதில் தப்பில்லை. நான் இங்கே கோபப்படுகிறேன், அதற்கான உதை அங்கே விழுகிறது. அதற்காகக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சபீனாவிடம் கொட்ட முடியாது. அவளிடம் நம் ஊரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

ஒரே ஒரு நல்லது நடந்தது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற, ஊர்க்காரர்கள் அழைத்தால் மாடிக்கு ஓடிவிடுகிற நிலா, அந்தப் படத்துக்குப் பிறகு தானாகவே பவித்ராவை வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் இங்கே தான் விளையாடும் அரங்கத்தைச் சுற்றிக் காட்டினாள். மரத் தரை, உடை மாற்றும் அறை, வெந்நீர் குழாய்.

"நாங்க இங்க எல்லா மேட்சையும் இழந்துட்டோம் அக்கா" என்றாள். ஜெர்மனில் பொருளைத் தொலைப்பதற்கும் ஆட்டத்தில் தோற்பதற்கும் ஒரே சொல். இவள் இரண்டையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டாள்.

"தோத்துட்டோம்னு சொல்லுடி. சொத்தா எழுதிக் குடுத்த மாதிரி இழந்துட்டோங்கற" என்று பவித்ரா சிரித்தாள். பின்னாலிருந்து நஸ்ரீன் தலையை நீட்டினாள். "ஏய் நிலா, இவ்ளோ நல்ல தரையில பஸ்ஸே நிக்கலயே, வேஸ்ட்டா வெச்சிருக்கீங்க!"

5

பிறகு அவர்கள் பல்கலைக்கழக அளவில் நடந்த போட்டியிலும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் பெரிய ஊர்க் கல்லூரி அணி, ஆளுக்கு இரண்டு ஜோடி ஷூவோடு வந்த அணி, இவர்களிடம் தோற்றது. கோயம்புத்தூரில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அழைப்பு வந்தது. எங்கள் பக்கத்துக் கல்லூரி எதற்கும் இதுவரை கிடைக்காத அழைப்பு என்று ஸ்டெல்லா மேடம் சொன்னாராம். பவித்ராவுக்கு இது கடைசி வருஷம், படிப்பு முடிந்தால் அக்காவின் கம்பெனியிலேயே சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்கு இனி இப்படி ஒரு மைதானம் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

காட்பாடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு ரயில். அதைவிட்டால் இரவு ரயில்களில் இடமில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் ஆட்டம், வராத அணி தோற்றதாகக் கணக்கு.

அதே நாள் காலையில்தான் கல்லூரியின் புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், அப்படியே பெண்கள் அணியையும் 'கௌரவிப்பார்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. கௌரவம் எப்படி என்றால், காலை ஒன்பது மணிக்கெல்லாம் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் தட்டோடு நிற்க வேண்டும். அவர் வந்து போனதும் கல்லூரிப் பேருந்திலேயே காட்பாடிக்குக் கொண்டுவிடுவார்களாம்.

பத்து மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. பவித்ரா போய்க் கேட்டாள். "வாலாஜா தாண்டிட்டாரும்மா, பத்தே நிமிஷம்" என்றார் தாளாளர். பதினொன்றுக்கு ஸ்டெல்லா மேடம் போய்க் கேட்டார். அப்போதும் வாலாஜாதான் தாண்டியிருந்தார். பன்னிரண்டு அடித்தது. நஸ்ரீனுக்குக் கை மரத்துப்போயிருந்தது. அடுத்த நாள் பந்து போட வேண்டிய கை.

"சார், ட்ரெய்ன் போய்டும் சார்" என்றாள் பவித்ரா.

"மேட்ச் அடுத்த வருஷமும் வரும்மா. இவர் மாதிரி ஆளு நம்ம காலேஜுக்கு வர்றது சும்மாவா?"

அவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. பவித்ரா "சார், இத கொஞ்சம் புடிங்க சார்" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். நம் ஊரில் சந்தனக் கிண்ணத்தை யாராவது நீட்டினால் கை தானாக வாங்கும், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேப்டனைப் பார்த்ததும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. பன்னீர்ச் செம்பு கல்லூரி முதல்வர் கைக்குப் போனது. குங்குமத் தட்டும் கல்கண்டுத் தட்டும் நிர்வாக அதிகாரிகள் கைக்குப் போயின. எதையும் தரையில் வைக்க முடியாது, எதிரே கேமரா வேறு. "பால் பாஸ் பண்ற மாதிரியே பண்ணிட்டோம் சித்தி, ஒருத்தரும் கேட்ச் விடல" என்று நஸ்ரீன் பிறகு என்னிடம் சொன்னாள்.

மேடைக்குப் பின்னால் வைத்திருந்த பைகளை எடுத்துக்கொண்டு பெண்கள் வெளியே ஓடினார்கள். பேருந்து ஓட்டுநர் உத்தரவில்லாமல் எடுக்க மாட்டேன் என்றார். ரோட்டில் கை காட்டி வேலூர் பஸ்ஸை நிறுத்தி ஏறிவிட்டார்கள். கடைசியாக வந்தவர் ஸ்டெல்லா மேடம். "சார், டிக்கெட்டெல்லாம் எங்கிட்டதான் இருக்கு, நான் போய்த்தான ஆவணும்" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். பட்டுப்புடவைகளும் பந்துப் பையுமாகக் காட்பாடி நடைமேடையில் அவர்கள் ஓடியதை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். என் போனில் வைத்திருக்கிறேன். சபீனாவுக்கும் காட்டினேன். அவள் இந்தத் தடவை மெதுவாகத் திருப்பித் தரவில்லை, தனக்கும் அனுப்பச் சொன்னாள்.

6

ரயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தாளாளரே ஸ்டெல்லா மேடத்தை அழைத்தார். பெரிய மனிதர் வந்து இறங்கியபோது இவர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருக்கிறார். அவர் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாராம். ஜோலார்பேட்டையில் இறங்கி மொத்த அணியும் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் யாருக்கும் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்றார் தாளாளர். "சரிங்க சார்" என்று மேடம் போனை வைத்தார். பெண்கள் பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஜோலார்பேட்டை வந்தது. மேடம் இறங்கினார். எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினார்.

கோயம்புத்தூரில் அவர்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். இறுதியில் தோற்றார்கள், அதுதான் அந்த வருஷத்தின் ஒரே தோல்வி. மாநிலத்தில் இரண்டாம் இடம். அவர்கள் ஊர் திரும்புவதற்குள் கல்லூரி நெடுஞ்சாலையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டது. தாளாளர் படம் ஆளுயரத்துக்கு, பெண்கள் படம் தீப்பெட்டி அளவுக்கு. அதே வாரம் பவித்ராவின் பெற்றோர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் அணிக்கு ஹால் டிக்கெட் என்று அழைப்பும் வந்தது. ஸ்டெல்லா மேடத்துக்கு மெமோ கொடுத்தார்கள், அது இன்றுவரை வாபஸ் ஆகவில்லை. ஜெயித்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், ஜெயித்தவர்களை நிற்க வைத்துத் திட்டுவார்கள். இதற்கு வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

அக்கா அழைத்தபோது எனக்கும் சேர்த்துத் திட்டு விழும் என்றுதான் எடுத்தேன். "கம்பெனில பர்மிஷன் போட்டுகினு நாளைக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். மாமாவை அழைத்துப் போகவில்லையா என்று கேட்டேன். "அவரு போனா கால்ல விழுந்துடுவாரு" என்றாள்.

மறுநாள் பவித்ரா எனக்கு நடந்ததைச் சொன்னாள். தாளாளர் உட்காரச் சொல்லவில்லை. அம்மாவும் பெண்ணும் நின்றார்கள். அரைமணி நேரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பவித்ரா, அம்மா மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றே நினைத்தாளாம்.

"அத்தன பேர் எதிர்ல உம் பொண்ணு எங்கைல சந்தனக் கிண்ணத்த குடுத்துட்டுப் போச்சும்மா. வாசல்ல அத புடிச்சிகினு நின்னேன். எனக்கு எவ்ளோ அவமானம் தெரியுமா?"

அக்கா தலையை நிமிர்த்தினாள். "அத புடிச்சிகினு நிக்கிறது அவமானம்னு உங்களுக்கே தெரியுதில்ல சார்? அப்பறம் ஏன் சார் மூணு வருஷமா எம் பொண்ணு கைல குடுத்தீங்க?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார். பிறகு மணியடித்து, ஆபீஸில் நிறுத்தி வைத்திருந்த ஹால் டிக்கெட்டுகளை எடுத்துவரச் சொன்னார்.